குறைந்த செலவில் அவசரகாலப் பொருட்களும் உபரிச் சரக்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கையில் கொஞ்சம் பணம்தான் இருக்கிறது. எதை முதலில் வாங்குவது?

தண்ணீருக்கான பாத்திரங்களை. குடிக்க, சமைக்க, கை கழுவ என்று ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் கணக்குப் போடுங்கள். நான்கு பேருக்கு மூன்று நாளைக்கு 48 லிட்டர் ஆகிறது. 20 லிட்டர் கேன் இரண்டும் 10 லிட்டர் கேன் ஒன்றும் இருந்தால் போதும். அடுத்தது வெளிச்சம். தலையில் மாட்டும் டார்ச் ஆளுக்கு ஒன்று வாங்குங்கள். இருட்டில் குழந்தையைத் தூக்கவும் ஏணியைப் பிடிக்கவும் இரண்டு கையும் வேண்டும். கை டார்ச் அதில் ஒன்றை எடுத்துக்கொள்ளும்.

அதற்குப் பிறகு முதலுதவிப் பை, தினமும் சாப்பிடும் மருந்துகள் கூடுதலாக ஒரு வாரத்துக்கு, பேட்டரியில் ஓடும் ரேடியோ, பவர் பேங்க், தார்ப்பாய், கயிறு, போர்வை, மூடியுள்ள ஒரு வாளி, தடித்த குப்பைப் பைகள். கடைசி இரண்டையும் பலர் மறந்துவிடுகிறார்கள். தண்ணீர் வராத வீட்டில் இரண்டாம் நாளே கழிப்பறைதான் பெரிய பிரச்சினையாகி நிற்கும். வாளிக்குள் இரட்டைப் பை விரித்து, ஒவ்வொரு முறையும் மேலே மரத்தூளோ சாம்பலோ தூவினால் சமாளித்துவிடலாம்.

வாங்கக் கிளம்பும் முன் வீட்டுப் பரணையும் அலமாரிகளையும் ஒருமுறை துழாவிப் பாருங்கள். இந்தப் பட்டியலில் பாதி ஏற்கெனவே இருக்கும், ஆளுக்கொரு மூலையில்.

எல்லாம் அடங்கிய ரெடிமேட் பை விற்கிறார்களே, அதையே வாங்கினால் என்ன?

“250 பொருட்கள் அடங்கியது” என்று போட்டிருந்தால் அந்த 250-இல் எத்தனை சின்ன பிளாஸ்திரி, எத்தனை ஊக்கு என்று எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கையை ஏற்றுவதற்கு அவைதான் மலிவு. மிச்சமாக ஒரு மெல்லிய டார்ச், வளையும் கத்தி, கசங்கினால் கிழியும் பாலித்தீன் மழைக்கோட்டு. பையின் துணிக்கும் அச்சடித்த சின்னத்துக்கும்தான் காசு போகிறது. தனித்தனியாக வாங்குவது செலவிலும் குறைவு, தரத்திலும் மேல்.

எதைப் பழையதாக வாங்கலாம்? எதைப் புதிதாகத்தான் வாங்க வேண்டும்?

நாங்கள் பின்பற்றும் விதி ஒன்றுதான். கெட்டுப்போனது கண்ணுக்கோ கைக்கோ தெரியும் என்றால் பழையதாக வாங்கலாம். பார்க்க நன்றாக இருந்து, தேவைப்படும் நேரத்தில் காலை வாரும் பொருள் என்றால் புதிதாக வாங்குங்கள்.

மண்வெட்டி, கடப்பாரை, ஸ்பானர், கம்பளிப் போர்வை, கித்தான், முதுகுப்பை, சமையல் பாத்திரம், இரும்புப் பெட்டி எல்லாம் முதல் வகை. விரிசலோ துருவோ கிழிசலோ இருந்தால் கடையிலேயே தெரிந்துவிடும்.

இரண்டாம் வகையில் தண்ணீர் வடிகட்டியை முதலில் சொல்ல வேண்டும். நுண்ணிய குழல்களால் ஆன வடிகட்டி ஒருமுறை நனைந்த பிறகு உறைந்திருந்தால் குழல்கள் வெடித்திருக்கும். வெளியிலிருந்து ஒன்றும் தெரியாது, தண்ணீரும் வழக்கம்போல் வரும், கிருமியும் கூடவே வரும். ஆளைத் தாங்கும் கயிறு, அதோடு உடலில் மாட்டும் பட்டை (ஹார்னஸ்), பாதுகாப்புத் தொப்பி, தீயணைப்பான், கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவுக்கான அலாரம், லித்தியம் பேட்டரி, ரத்தப்போக்கை நிறுத்தும் இறுக்குப் பட்டை ஆகியவற்றையும் இதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அலாரத்துக்குள் இருக்கும் உணரிக்கு ஆயுள் உண்டு. டெஸ்ட் பட்டனை அழுத்தினால் கத்துவது பேட்டரியும் ஒலிப்பானும்தான்; உணரி உயிரோடு இருக்கிறதா என்பதை அந்தப் பட்டன் சொல்லாது.

“ராணுவ உபரி” என்று விற்பதெல்லாம் உண்மையிலேயே ராணுவத்திலிருந்து வந்ததா?

பெரும்பாலும் இல்லை. பச்சை நிறமும் “மிலிட்டரி ஸ்டைல்” என்ற வார்த்தையும் யாருக்கும் சொந்தமில்லை.

நேட்டோ ராணுவக் கூட்டணி நாடுகளின் சரக்கில் 13 இலக்க இருப்பு எண் அச்சாகியிருக்கும். முதல் 4 இலக்கம் பொருளின் வகை: 8340 என்றால் கூடாரம், தார்ப்பாய், 8465 என்றால் வீரர் தனியாகச் சுமக்கும் பை, பெல்ட் போன்றவை. அடுத்த 2 இலக்கம் எண்ணை வழங்கிய நாடு: 00, 01 அமெரிக்கா, 12 ஜெர்மனி, 99 பிரிட்டன். விற்பவர் “ஜெர்மன் கூடாரம்” என்று சொல்ல, லேபிளில் 99 இருந்தால் மேலும் இரண்டு கேள்வி கேளுங்கள். எண்ணையும் போலியாக அச்சடிக்க முடியும் என்பதால் அதை மட்டும் நம்ப வேண்டாம். தையல் இரட்டையாக இருக்கிறதா, பாரம் தாங்கும் இடங்களில் குறுக்குத் தையல் போட்டிருக்கிறார்களா, கொக்கி உலோகமா கனமான பிளாஸ்டிக்கா என்று பாருங்கள்.

ராணுவத் தரமே உங்களுக்கு வேண்டுமா என்பது வேறு விஷயம். அங்கே எடை பிரச்சினை இல்லை, சுமக்க இளைஞர்கள் இருக்கிறார்கள்.

கம்பளிப் போர்வை, கூடாரம் வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

போர்வை ஓரத்திலிருந்து இரண்டு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து நெருப்பில் காட்டுங்கள். முடி பொசுங்கும் நாற்றம் வந்து, நெருப்பை எடுத்ததும் அணைந்து, சாம்பல் விரலில் பொடியானால் கம்பளி. உருகிக் கடினமான கருப்பு மணியாகத் திரண்டால் செயற்கை இழை. இரண்டும் கலந்து தெரிந்தால் கலப்புத் துணி. 70 சதவீதத்துக்கு மேல் கம்பளி இருந்தால் தாராளமாக வாங்கலாம், நனைந்தாலும் ஓரளவு வெப்பம் காக்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து அந்துப்பூச்சி ஓட்டைகளைத் தேடுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் மற்றத் துணிகளோடு சேர்க்காமல், பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். முட்டையும் புழுவும் செத்துவிடும்.

கூடாரத்தை விரித்துக் காட்டச் சொல்லுங்கள். மடித்தபடியே விற்க அடம்பிடித்தால் காரணம் இருக்கும். உள்பக்கம் பிசுபிசுவென்று ஒட்டி, புளித்த வாடை அடித்தால் நீர்காப்புப் பூச்சு சிதைந்துவிட்டது என்று அர்த்தம். கழுவினால் அது சரியாகாது. பருத்திக் கித்தானில் கரும்புள்ளிகள் இருந்தால் பூஞ்சை. அந்த இடத்தை இரண்டு கட்டைவிரலாலும் இழுத்துப் பாருங்கள், கிழிந்தால் நூல் மக்கிவிட்டது. கறை மட்டும் என்றால் பேரம் பேச நல்ல வசதி.

பெட்டி பிரிக்காத பழைய பூட்ஸ் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

அடிப்பாகம் பாலியூரித்தேன் என்றால் வேண்டாம். அந்தப் பொருள் காற்றிலுள்ள ஈரத்தோடு வினைபுரிந்து, போடாமல் பெட்டியிலேயே இருந்தாலும் சில ஆண்டுகளில் உள்ளுக்குள் நொறுங்க ஆரம்பிக்கும். பார்க்கப் புத்தம் புதிதாக இருக்கும்; போட்டு ஒரு மணி நேரம் நடந்தால் அடிப்பாகம் கட்டிகட்டியாக உதிரும். கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் பதிந்த தடம் அப்படியே நின்றாலோ தூள் கொட்டினாலோ விட்டுவிடுங்கள். வல்கனைஸ் செய்த ரப்பர் அடிப்பாகத்துக்கு இந்த நோய் கிடையாது.

தண்ணீர் சேமிக்கப் பழைய ஜெர்ரிகேன் அல்லது டிரம் வாங்கலாமா?

20 லிட்டர் ஜெர்ரிகேன் 1930-களில் ஜெர்மன் ராணுவத்துக்காக வடிவமைக்கப்பட்டது. மேலே மூன்று கைப்பிடி இருப்பது, ஒருவர் ஒரே கையில் இரண்டு காலிக் கேன்களைத் தூக்கவும், நிரம்பிய கேனை இரண்டு பேர் சேர்ந்து தூக்கவும். வடிவம் அருமை. ஆனால் உபரிச் சரக்கு விற்கும் சர்ப்ளஸ் கடையில் கிடைக்கும் இரும்புக் கேன்களில் அநேகம் எரிபொருளுக்கானவை. எரிபொருள் ஒருமுறை இருந்த கேனைத் தண்ணீருக்கு மாற்றாதீர்கள், எத்தனை தடவை கழுவினாலும் சரி. பிளாஸ்டிக்காக இருந்தால் சுவருக்குள்ளேயே ஊறியிருக்கும். சோப்பு அங்கே போகாது.

எரிபொருளுக்கே வாங்குகிறீர்கள் என்றால் உள்ளே டார்ச் அடித்துத் துருவையும் பூச்சு உரிந்திருப்பதையும் பாருங்கள். மூடியின் ரப்பர் வளையத்தை எப்படியும் மாற்ற வேண்டியிருக்கும், அந்தச் செலவையும் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். கால் பங்கு தண்ணீர் ஊற்றி, மூடி, ஒரு மணி நேரம் தலைகீழாக வையுங்கள். ஒழுகாவிட்டால் நன்றாக உலர்த்திய பிறகுதான் எரிபொருள் ஊற்ற வேண்டும். கழுத்துவரை நிரப்பாமல் விரிவடைய இடம் விடுங்கள்.

நீல டிரம் விஷயத்தில் பலரும் ஏமாறுவது அடியில் இருக்கும் முக்கோணக் குறியில். முக்கோணத்துக்குள் 2 என்ற எண் இருந்தால் அது எந்த வகை பிளாஸ்டிக் என்று மட்டும் சொல்கிறது. முன்பு உள்ளே சர்க்கரைப் பாகு இருந்ததா, அமிலம் இருந்ததா என்பதற்கு அது சாட்சி சொல்லாது. உணவுப்பொருள் வந்த டிரம்தான் என்பதற்கு அசல் லேபிள் ஒட்டியிருக்க வேண்டும். லேபிள் சுரண்டப்பட்டிருந்தால் அந்த டிரம்மைச் செடிகளுக்குக்கூட யோசித்துத்தான் பயன்படுத்த வேண்டும். 200 லிட்டர் டிரம் நிரம்பினால் 200 கிலோவுக்கு மேல். வைக்க வேண்டிய இடத்தில் வைத்துவிட்டுத் தண்ணீர் பிடியுங்கள்.

தண்ணீரைச் சுத்தமாக்க மிகக் குறைந்த செலவு எது?

எரிபொருள் இருந்தால் கொதிக்க வைப்பது. தளதளவென்று கொதி வந்த பிறகு 1 நிமிடம் போதும். கடல் மட்டத்துக்கு 2000 மீட்டருக்கு மேலே உள்ள இடங்களில் 3 நிமிடம்.

எரிபொருள் இல்லை என்றால் வாசனை, நிறம், சோப்பு எதுவும் கலக்காத திரவ பிளீச். சோடியம் ஹைப்போகுளோரைட் 5 முதல் 6 சதவீதம் என்று லேபிளில் இருந்தால் லிட்டருக்கு 2 சொட்டு. 20 லிட்டர் கேனுக்கு 40 சொட்டு, அதாவது ஏறக்குறைய 2 மில்லி. ஊசி போடாத சிரிஞ்சில் அளந்துவிடலாம். தண்ணீர் கலங்கலாக இருந்தால் முதலில் தெளியவிட்டு, துணியில் வடிகட்டி, அளவை இரட்டிப்பாக்குங்கள். 30 நிமிடம் மூடி வைத்த பிறகு லேசாகக் குளோரின் வாடை வர வேண்டும். வரவில்லை என்றால் அதே அளவை மறுபடி போட்டு இன்னும் 15 நிமிடம். பிளீச் பழசாகப் பழசாக வீரியம் குறையும், அதனால் பெரிய கேனாக வாங்கி ஆண்டுக்கணக்கில் வைப்பதில் லாபம் இல்லை.

வெயில் மட்டுமே இருக்கிறது என்றால் 2 லிட்டருக்கு மேற்படாத, நிறமில்லாத, கீறல் விழாத பெட் பாட்டிலில் தெளிந்த தண்ணீரை நிரப்பி 6 மணி நேரம் நேர் வெயிலில் படுக்க வையுங்கள். மேகமூட்டம் என்றால் இரண்டு நாள். இந்த மூன்று வழியும் கிருமிக்குத்தான். எரிபொருளோ பூச்சிமருந்தோ கலந்த தண்ணீரை இவை எதுவும் காப்பாற்றாது.

உபரிச் சந்தையில் வாயு முகமூடி வாங்கி வைக்கலாமா?

வேண்டாம். இரண்டாம் உலகப் போர்க் காலத்து பிரிட்டிஷ் முகமூடிகளின் வடிகட்டியில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருந்தது. பிற்காலத்து ராணுவ வடிகட்டிகள் பலவற்றின் கரியில் நச்சான குரோமியச் சேர்மம் பூசப்பட்டிருந்தது. பாதுகாப்புக்கு வாங்கியதை மாட்டிக்கொண்டு நஞ்சை இழுக்கும் கதையாகிவிடும். புதிய வடிகட்டி வாங்கிப் பொருத்தலாம் என்றாலும், 40 மில்லிமீட்டர் விட்டம் ஒன்றாக இருந்து மரை இடைவெளி வேறாக இருக்கும். நேட்டோ மரையும் பழைய சோவியத் மரையும் அப்படித்தான். முதல் சுற்று ஏறும், அப்புறம் சிக்கும், காற்று ஓரத்தில் கசியும்.

இடிபாட்டுத் தூசிக்கும் காட்டுத்தீப் புகையின் துகளுக்கும் புதிய என்95 அல்லது எஃப்எஃப்பி2 முகக்கவசம் போதும், விலையும் குறைவு. வாயுக்களை அவை தடுக்காது. எலாஸ்டிக் பட்டை இற்றுப்போகும் என்பதால் தேதி பார்த்து வாங்குங்கள்.

பழைய 12 வோல்ட் பேட்டரியை எப்படிச் சோதிப்பது?

மல்டிமீட்டர் இல்லாமல் பேட்டரி வாங்கப் போகாதீர்கள். சார்ஜரிலிருந்து கழற்றிச் சில மணி நேரம் ஆன ஈய-அமில பேட்டரியில் 12.6 முதல் 12.8 வோல்ட் வரை காட்டினால் முழு சார்ஜ், 12.2 பாதி, 11.9-க்குக் கீழே காலி. காலியாகவே மாதக்கணக்கில் கிடந்த பேட்டரியின் தகட்டில் சல்பேட் படிந்து இறுகியிருக்கும், அது மீளாது.

வோல்ட் மட்டும் பார்த்து ஏமாறவும் வாய்ப்பு உண்டு. செத்த பேட்டரியும் சும்மா இருக்கும்போது 12.6 காட்டும். ஆகவே பாரம் கொடுங்கள். 12 வோல்ட், 55 வாட் வாகன முகப்பு விளக்கு ஒன்றும் இரண்டு கிளிப் ஒயரும் எடுத்துப்போங்கள். அது ஏறக்குறைய 4.6 ஆம்பியர் இழுக்கும். 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் மாட்டிக் கால் மணி நேரம் மீட்டரைப் பாருங்கள்: வோல்ட் கொஞ்சம் இறங்கி நின்றுவிட்டால் நல்லது, 12-க்குக் கீழே வழுக்கிக்கொண்டே போனால் நடையைக் கட்டுங்கள். விளக்குக் கண்ணாடியைக் கையால் தொடாதீர்கள், அது சுடும். பேட்டரியின் பக்கச் சுவர் உப்பியிருந்தால் சோதனையே வேண்டாம். தண்ணீர் ஊற்றும் வகை என்றால், அமிலத்தின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரில் ஒவ்வொரு அறையையும் பாருங்கள். முழு சார்ஜில் 1.265 அளவில் இருக்க வேண்டும். ஒரு அறைக்கும் இன்னொன்றுக்கும் 0.050-க்கு மேல் வித்தியாசம் வந்தால் ஒரு அறை போய்விட்டது.

வாங்கிய பிறகு பாதிக்கு மேல் வடிய விடாதீர்கள். 100 ஆம்பியர்-மணி என்று எழுதியிருந்தாலும் 50-ஐ நம்பித்தான் திட்டம் போட வேண்டும்.

இதில் லாபமான ஒரு வழி: அலுவலகங்கள் கழித்துக் கட்டும் யூபிஎஸ். அநேகமாகப் பேட்டரிதான் செத்திருக்கும், கருவி நன்றாகவே இருக்கும். உள்ளே இருப்பது 12 வோல்ட், 7 அல்லது 9 ஆம்பியர்-மணி என்ற பொது அளவா என்று பார்த்து வாங்கி, புதிய பேட்டரி போட்டுவிடலாம். அந்த இடத்தில் பெரிய பேட்டரியை ஒட்டவைக்கும் யோசனை மட்டும் வேண்டாம். சிறிய யூபிஎஸ் சில நிமிடம் ஓடுவதற்கென்றே செய்யப்பட்டது, மணிக்கணக்கில் ஓட்டினால் சூடேறி எரியும்.

பவர் பேங்க் போலியா என்று பார்த்ததும் சொல்ல முடியுமா?

எடை போட்டால் முடியும். 18650 வகை லித்தியம் செல் ஒன்று 45 முதல் 50 கிராம். நல்ல செல்லில் 2500 முதல் 3500 மில்லிஆம்பியர்-மணி அடங்கும். 20000 என்று போட்டிருந்தால் குறைந்தது ஆறு செல் வேண்டும், செல்கள் மட்டுமே 270 கிராமைத் தாண்டும். தட்டையான செல் போட்டாலும் கணக்கு பெரிதாக மாறாது. 150 கிராமில் 20000 என்றால் பொய். தனிச் செல்லில் “9900” என்று அச்சடித்திருந்தால் அதுவும் பொய்.

உண்மையான 20000 பவர் பேங்க் கூட போனுக்கு 12000 முதல் 13000 வரைதான் தரும். உள்ளே 3.7 வோல்ட், வெளியே 5 வோல்ட். மாற்றும்போது மிச்சம் போய்விடும். இது ஏமாற்று இல்லை.

பழைய ஜெனரேட்டர்?

நீங்கள் போகும்போது எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சூடாக இருந்தால், கிளம்ப மறுக்கும் எஞ்சினை முன்னாலேயே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள். எண்ணெய் பால் கலந்தது போல் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. திறனில் பாதி இழுக்கும் ஹீட்டரை மாட்டி 20 நிமிடம் ஓட்டிப் பாருங்கள். ஏறி இறங்கி மூச்சு வாங்கினால் பெரும்பாலும் பழைய பெட்ரோல் பிசினாகி கார்புரேட்டரை அடைத்திருக்கும். அதைச் சுத்தம் செய்யலாம், அந்தக் குறையை வைத்தே விலையைக் குறைக்கலாம்.

ஓட்டும் இடம் ஜன்னல், கதவிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, திறந்த வெளியில். புகை வீட்டுக்கு எதிர்ப்பக்கம் போக வேண்டும். கராஜ் கதவைத் திறந்து வைத்தால் போதும் என்று நினைத்துத்தான் ஆட்கள் சாகிறார்கள். வீட்டு ஒயரிங்கில் நேராகச் செருகாதீர்கள். வெளி லைனைத் துண்டிக்கும் மாற்றுச் சுவிட்ச் இல்லாமல் செய்தால் மின்சாரம் லைனுக்குத் திரும்பிப் போய், வெளியே கம்பத்தில் வேலை செய்பவர் உயிர் போகும்.

தார்ப்பாயில் என்ன வித்தியாசம்? எல்லாம் ஒன்றுதானே?

சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று கேளுங்கள். 80 கிராம் அளவிலுள்ள மெல்லிய நீலத் தார்ப்பாய் காற்றில் படபடத்தே வளையத்தோடு கிழிந்துவிடும். நிவாரண முகாம்களுக்குத் தரப்படுபவை 200 கிராமை ஒட்டி இருக்கும். வளையம் பிய்ந்தால் ஒரு கூழாங்கல்லைத் துணிக்குள் வைத்துச் சுற்றி, அதன் கழுத்தில் கயிறு கட்டுங்கள். வளையத்தைவிட உறுதியாக நிற்கும்.

முதலுதவிப் பொருட்களில் எங்கே சிக்கனம் பார்க்கலாம்?

பாண்டேஜ் துணி, கத்தரி, நைட்ரைல் கையுறை, முக்கோணத் துணி ஆகியவற்றில். பொட்டலம் பிரியாமல், ஈரக்கறை படாமல் இருக்க வேண்டும். இறுக்குப் பட்டையில் மட்டும் சிக்கனம் வேண்டாம். பெயர்பெற்ற மாடல்களின் போலிகள் ஏராளம். திருகும் குச்சி முழு இறுக்கம் வரும் முன்பே வளையும் அல்லது முறியும். தயாரிப்பாளர் அங்கீகரித்த விற்பனையாளரிடம் ஒன்று வாங்குவது, சந்தையில் ஐந்து வாங்குவதைவிட மேல்.

ராணுவ உணவுப் பொட்டலங்கள்?

வெப்பம்தான் அவற்றின் எதிரி. அமெரிக்க ராணுவத்தின் எம்ஆர்ஈ (அப்படியே சாப்பிடத் தயாரான உணவு) பொட்டலம் 27 டிகிரி செல்சியஸில் 3 ஆண்டு தாங்கும். 38 டிகிரியில் 6 மாதம்தான். எந்தக் கிடங்கில் எத்தனை கோடை கிடந்தது என்று விற்பவருக்கே தெரியாது. சாதாரணக் கடைச் சாமானில் நீங்கள் தினமும் சாப்பிடுவதையே கொஞ்சம் கூடுதலாக வாங்கி, பழையதை முதலில் எடுத்துச் சமைப்பது மலிவு. டின் திறப்பானை மறக்காதீர்கள்.

ஏலத்தில் மொத்த லாட்டாக எடுப்பது லாபமா?

கூட்டாளிகள் இருந்தால் லாபம். ஏலச் சரக்கு “இருக்கிற இடத்தில், இருக்கிற நிலையில்” விற்கப்படும். திருப்பித் தர முடியாது. கேட்கும் தொகைக்கு மேல் ஏல நிறுவனத்தின் கமிஷன், வரி, ஏற்றுக்கூலி, வண்டி, குறிப்பிட்ட நாளுக்குள் எடுக்காவிட்டால் கிடங்கு வாடகை எல்லாம் வரும். பத்து மண்ணெண்ணெய் ஸ்டவ் உள்ள லாட்டில் ஆறு ஓடும், இரண்டு உதிரிபாகத்துக்கு ஆகும், இரண்டு குப்பை என்று வைத்து விலையை முடிவு செய்யுங்கள். அந்த எண்ணைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போங்கள், ஏலம் சூடுபிடித்தால் மனக்கணக்கு நிற்காது.

அப்படி வந்த ஸ்டவ்வில் பம்ப் அடித்தும் அழுத்தம் ஏறாவிட்டால் தோல் வாஷர் காய்ந்திருக்கும். தண்டை உருவி, வாஷரை எண்ணெயில் ஊறவைத்து, விரலால் ஓரத்தைப் புனலாக விரித்து மறுபடி செருகினால் பெரும்பாலும் ஏறிவிடும். மூடியின் ரப்பர் கல்லாகியிருந்தால் மாற்றாமல் பற்றவைக்காதீர்கள்.

விலை குறையும் காலம், கூடாரம் போட்டுத் தங்கும் கேம்பிங் சீசன் முடிந்த பிறகு. புயல் எச்சரிக்கை வந்த மறுநாள் தார்ப்பாய்க்கும் பேட்டரிக்கும் சொன்னதுதான் விலை.

வாங்கியதை எப்படி வைத்திருப்பது?

டார்ச்சிலிருந்தும் ரேடியோவிலிருந்தும் பேட்டரியைக் கழற்றித் தனிப்பையில், அதே கருவியோடு கட்டி வையுங்கள். ஆல்கலைன் பேட்டரி உள்ளேயே கிடந்து கசிந்தால் முனைகளை அரித்துவிடும். ஒருமுறை மட்டும் பயன்படும் லித்தியம் ஏஏ பேட்டரி விலை அதிகம், ஆனால் பத்தாண்டுக்கு மேல் தாங்கும், கசிவதும் அபூர்வம். தொடாமல் வைக்கும் டார்ச்சுக்கு அதுதான் சரி. பவர் பேங்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்துப் பாதிக்கு மேல் சார்ஜில் வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். பையின் வெளியே ஒட்டிய அட்டையில் உள்ளே இருப்பதையும் காலாவதித் தேதிகளையும் பென்சிலால் எழுதுங்கள். மை ஈரத்தில் கலையும்.